கட்டைக் குழல், ஒற்றைக் கொம்பு

கிருஷ்ணராசா ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தலையை விட்டபடி நின்ற நேரத்தில்தான் அந்தச் செய்தி கைபேசிக்கு வந்தது.

"அண்ணை, வாற சனிக்கிழமை ஒருக்கால் லீவு எடுங்கோ. துவக்கு ஒண்டு பாக்க வேணும். மேக்னம். குழல் கட்டையாய் இருக்க வேணும், ஆனால் தூரத்துக்குச் சுடவேணும். பெரிய மிருகத்துக்கு. நீங்கள் தெரிவு செய்து தந்தால் சரி. வாசுதேவன்."

மூன்று தரம் வாசித்தார். மூன்று தரமும் துவக்கு என்றே இருந்தது. ஐஸ்கிரீம் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

ஐம்பத்து நான்கு வயதில் அவர் கையால் தொட்ட ஆயுதம் என்றால், மட்டைப் பெட்டி வெட்டும் கத்தி ஒன்றுதான். அதாலும் இரண்டு முறை தன்னைத்தான் வெட்டியிருக்கிறார். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவி யோகமலரைக் கூப்பிட்டுவிட்டுக் கதிரையில் ஏறி நிற்பவர். கிழமை நாட்களில் கவுன்சில் நூலகத்தில் புத்தகம் அடுக்குவார். சனி, ஞாயிறுகளில் தென் லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் உள்ள மச்சானின் கடையில் சாமான் அடுக்குவார். அடுக்குவதைத் தவிர உலகத்தில் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாத மனிதர்.

இப்படிப்பட்டவரிடம் துவக்குத் தெரிவு செய்யச் சொல்லிக் கேட்ட வாசுதேவன், அவருடைய மகள் கோசிகாவை மருமகளாக எடுக்கவிருக்கும் சம்பந்தி. அடுத்த மாதம் கலியாண எழுத்து. கோசிகாவும் மாப்பிள்ளை மிதுலனும் படிக்கிற காலத்திலேயே ஒருவரையொருவர் விரும்பியவர்கள். பெற்றோருக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை, அதைக் குழப்பாமல் இருப்பது. அந்த ஒரு வேலையைத்தான் கிருஷ்ணராசா ஒரே சொல்லால் கெடுத்து வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். மூன்று கிழமைக்கு முன்னர், ரெய்னர்ஸ் லேனில் உள்ள சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவையாகப் போயிருந்தார்கள். வாசுதேவன் இருபத்திரண்டு வருடம் நோர்வேயில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஆள் வாட்டசாட்டம். சுவரில் பெரிய கொம்பு ஒன்று மாட்டியிருந்தது. உடுப்புக் கொழுவுவதற்காக இருக்கும் என்று கிருஷ்ணராசா தன் ஜாக்கெட்டை அதில் கொழுவினார்.

தேத்தண்ணி வந்தது. பலகாரம் வந்தது. பிறகு, வரக்கூடாத கேள்வி வந்தது.

"சனி ஞாயிறிலை என்ன அண்ணை செய்யிறனீங்கள்?"

மச்சானின் கடையில் மட்டைப்பெட்டி உடைக்கிறேன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அதையே இங்கிலிஷில் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று பட்டது.

"ஸ்டொக்கிங்," என்றார்.

வாசுதேவன் கோப்பையைக் கீழே வைத்தார். "ஸ்டோக்கிங்கோ? எங்கை?"

"தோர்ண்டன் ஹீத்."

"ஹீத்திலை." ஹீத் என்றால் பற்றைக்காடு என்று எங்கோ வாசித்திருந்த வாசுதேவன், தென் லண்டனுக்கு அதுவரை போனதில்லை. "எத்தினை மணிக்கு வெளிக்கிடுவீங்கள்?"

"விடிய நாலுக்கு. வெளிச்சம் வர முதல் போய் நிக்க வேணும். ஆக்கள் நடமாடத் தொடங்கினால் பிறகு ஒண்டும் செய்யேலாது."

"மெய்தான். பெரிசும் இருக்கோ அங்கை?"

"எல்லாச் சைசும் இருக்கு. பெரிசு தூக்கிறதுதான் நாரிக்குக் கூடாது."

"தனியவோ தூக்கிறனீங்கள்?"

"வேறை ஆர் இருக்கினம். தோளிலை வைச்சுக் கொண்டுவந்து பின்பக்கத்திலை போடுவன்."

வாசுதேவன் அந்தத் தோளை ஒருமுறை பார்த்தார். பெரிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"மேக்னம் எப்பிடி அண்ணை?"

கடையில் மேக்னம் ஐஸ்கிரீம் எப்படிப் போகிறது என்று கேட்கிறார் போல என்று கிருஷ்ணராசா நினைத்தார். "கோடையிலை மேக்னம்தான். இப்ப எல்லாரும் கட்டையானதைத்தான் விரும்பீனம்."

"கட்டையானது தூரத்துக்குச் சரிவருமோ?"

"தூரமெண்டால் கவனமாயிருக்க வேணும். ஒரு சூடு பட்டால் காணும். ஆள் அப்பிடியே சரிஞ்சிடும்."

வாசுதேவன் சுவரில் ஜாக்கெட் தொங்கிய கொம்பை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கையை வைத்து, "நோர்வேயிலை நாங்களும்தான். மரை," என்றார்.

மரை என்பது பெரிய மான் ஒன்றுக்கும் பெயர். ஆனால் கிருஷ்ணராசாவுக்கு ஞாபகம் வந்தது ஆணியில் பூட்டுகிற மரைதான். மனிதர் இரும்புச் சாமான் கடையில் இருந்திருக்கிறார், நம்மைப்போல உழைத்த ஆள்தான் என்று மனம் இளகியது. "எத்தினை இருக்கும்?" என்று அன்போடு கேட்டார்.

"எண்ணினதில்லை."

"மரையெண்டால் எண்ணி முடியுமோ."

போகும்போது வாசுதேவன் அவரைக் கட்டிப்பிடித்து அனுப்பினார். நோர்வேயில் இது வழக்கமாக்கும் என்று கிருஷ்ணராசாவும் கட்டிப்பிடித்தார்.

காரில் வரும்போது பின்சீட்டில் இருந்த கோசிகா கைபேசியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "அப்பா, நீங்கள் என்னப்பா சொன்னீங்கள் அங்கிளுக்கு? நீங்கள் பெரிய வேட்டைக்காரனாம். மிதுலன் மெசேஜ் பண்ணுறார்."

"நான் ஸ்டொக்கிங் எண்டுதான் சொன்னனான்."

"அவருக்கு ஸ்டோக்கிங் எண்டு கேட்டிருக்கு. அது மானுக்குப் பின்னாலை பதுங்கிப் போய்ச் சுடுறது. டோட்டலி டிஃப்ரன்ட் வேர்ட்."

யோகமலர் ஊரில் ஆறு வருடம் தமிழ் படிப்பித்தவர். விஷயத்தை உடனே பிடித்துக்கொண்டார். "ஒற்றைக் கொம்பு போட்டால் ஸ்டொக்கிங். இரட்டைக் கொம்பு போட்டால் ஸ்டோக்கிங். நீங்கள் ஒற்றைக் கொம்பு சொல்ல, அந்தாள் இரட்டைக் கொம்பாய் விளங்கியிருக்கு."

"மான்தானே. ரெண்டு கொம்பு இருக்கும்தானே," என்றார் கிருஷ்ணராசா, சோர்ந்துபோய்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தானாகவே மறந்து போகும் என்று விட்டார். இப்போது துவக்கே வாங்க வேண்டுமாம்.

கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் யோகமலர் கைபேசியை எடுத்து அவர் கையில் திணித்தார். "எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ. சாமான் அடுக்கிறது என்ன களவே."

எடுத்தார். "தம்பி, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேணும்," என்று தொடங்கினார்.

"அண்ணை, அதுக்கு முதல் நான் ஒண்டு சொல்லிப்போடுறன்," என்றார் வாசுதேவன். "கனநாளாய் மனசிலை கிடக்கு. மிதுலனுக்கு முந்தி ஒரு சம்பந்தம் பேசி, நாளும் வைச்சு, கடைசியிலை குழம்பினது. ஏன் தெரியுமோ? ஒரேயொரு பொய். தகப்பன் என்ன வேலை செய்தவர் எண்டதிலை ஒரு பொய். அண்டையிலை இருந்து பொய் எண்டு கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறும். சரி, நீங்கள் சொல்லுங்கோ."

கிருஷ்ணராசா சொல்ல வந்த உண்மையை அப்படியே விழுங்கினார்.

"நான் வேட்டையை விட்டிட்டன் தம்பி. கந்தசஷ்டி விரதம் பிடிச்ச நாளிலை இருந்து."

மறுபக்கத்தில் ஒரு கனைப்பு. "அப்ப உங்கடை துவக்கு?"

"குடுத்திட்டன்."

"நானும் நோர்வேயிலை குடுத்திட்டுத்தான் வந்தனான். என்னைச் சோதிச்சுப் பாக்கிறீங்கள் எண்டு விளங்குது அண்ணை. உங்களைப்போலை ஆக்கள் விடுறதாவது. ரெண்டு எடுப்பம். உங்களுக்கொண்டு, எனக்கொண்டு."

போனை வைத்தபோது வாங்கவேண்டிய துவக்கு ஒன்றிலிருந்து இரண்டாகியிருந்தது. யோகமலர் அவர் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

கோசிகாவுக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மனிதர் உண்மையிலேயே வேட்டைக்காரர்தானா என்று மிதுலனிடம் கேட்டுப் பார்த்தாள். "எங்கடை அப்பா இருபத்திரண்டு வருசம் துவக்குகளோடை வாழ்ந்தவர்," என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு யாருக்கும் யோசனை வரவில்லை.

"எழுத்து முடியுமட்டும் மிதுலனுக்கும் ஒண்டும் சொல்லிப்போடாதை பிள்ளை," என்றார் கிருஷ்ணராசா. "நான் படிக்கிறன்."

படித்தார். தாடி வைத்த அமெரிக்கர்கள் பனிமலையில் படுத்துக்கிடந்து விளக்கம் சொல்லும் காணொளிகளை ஐந்து நாள் பார்த்தார். நூலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் வேட்டைப் புத்தகங்களை, சமையல் புத்தகத்துக்குள் வைத்து மறைத்து வாசித்தார். ஒவ்வொரு படத்திலும் மானின் கண்ணைப் பார்க்கும்போது அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் கோசிகாவின் முகத்தை நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

விளங்கியது இவ்வளவுதான். மேக்னம் என்றால் ரவைக்குப் பின்னால் வெடிமருந்து அதிகம். மருந்து அதிகமென்றால் அது எரிந்து முடிய நீளமான குழல் வேண்டும். குழலைக் கட்டையாக்கினால் வேகம் குறையும், சத்தம் கூடும். தூரத்துக்குச் சுட வேகம்தான் முக்கியம். ஆக, சம்பந்தி கேட்கிற சாமான் ஒன்றோடு ஒன்று பொருந்தாது. இதைச் சொல்லித் தப்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் நம்பினார். அடுத்த காணொளியில் வேறொரு தாடிக்காரர், கட்டைக் குழலின் முனையில் சத்தம் குறைக்கிற குழாயைப் பூட்டினால் எல்லாம் சரிவரும் என்றார்.

சனிக்கிழமை வந்தது. வாசுதேவன் தன் மனைவி நாகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு செவன் கிங்ஸில் உள்ள வீட்டுக்கு வந்து, கிருஷ்ணராசாவை ஏற்றிக்கொண்டார். பச்சை நிறத்தில் பல பொக்கெற் வைத்த ஜாக்கெட் ஒன்று போட்டிருந்தார். கிருஷ்ணராசா கோயிலுக்குப் போடும் ஸ்வெற்றரோடு வந்திருந்தார்.

துவக்குக் கடை நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்தது. கடைக்காரர் வெள்ளைக்காரர், வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. நாகேஸ்வரி வாசலுக்கு வெளியே இருந்த வாங்கில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கச்சானை எடுத்துக் கோது உடைத்துத் தின்னத் தொடங்கினார்.

"அண்ணை எது சொல்லுறாரோ அதுதான்," என்று வாசுதேவன் இங்கிலிஷில் கடைக்காரருக்கு அறிமுகம் செய்தார். "ஸ்டோக்கிங்கிலை பெரிய அனுபவம்."

கடைக்காரர் மூன்று துவக்குகளை எடுத்து மேசையில் பச்சைத் துணியின் மேல் வைத்தார். மூன்றும் மேக்னம். ஒன்று நீளம், ஒன்று நடுத்தரம், ஒன்று கட்டை. என்ன செய்வதென்று தெரியாமல் கிருஷ்ணராசா கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். மூன்று துவக்குகளையும் ஒரே நேராக வைத்து, தொங்கிக்கொண்டிருந்த விலைச்சீட்டுகளை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிட்டார்.

"பாத்தீங்களோ, என்ன ஒழுக்கம்," என்றார் வாசுதேவன். சொல்லிக்கொண்டே பக்கத்துத் தட்டில் பின்னுக்குக் கிடந்த கையுறைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முன்னுக்கு இழுத்துவிட்டார். வேட்டைக்காரர்களுக்கு இதுவும் ஒரு பழக்கம் போல என்று கிருஷ்ணராசா மனதில் குறித்துக்கொண்டார்.

"வழக்கமாக எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் கடைக்காரர்.

ஐந்து நாள் படித்த எதுவும் அந்த நேரத்தில் வரவில்லை. வீட்டிலிருந்து மச்சானின் கடை எவ்வளவு தூரம் என்று கேட்பவர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியதுதான் வந்தது. "பதினெட்டு மைல்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போறதுக்கு மட்டும்," என்றார் கிருஷ்ணராசா.

கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, வாசுதேவனைப் பார்த்தார். வாசுதேவன் பெருமையோடு தலையாட்டினார்.

"சரி அண்ணை, இந்தக் கட்டையானது எப்பிடி? விளக்கமாய்ச் சொல்லுங்கோ."

இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் ஏதோ ஒரு தைரியம் வந்தது. "புட்டுக் குழல் மாதிரித்தான் தம்பி. குழல் கட்டையாயிருக்க, மாவைக் கூடப் போட்டு அடைச்சால் என்ன நடக்கும்? அவிய முதலே வெளியிலை தள்ளிப்போடும். இதிலையும் மருந்து எரிஞ்சு முடிய முதல் ரவை வெளியிலை வந்திடும். வேகம் காணாது, சத்தம் காதைக் கிழிக்கும்."

"அப்ப கூடாதோ?" வாசுதேவனின் குரலில் ஒரு ஆவல் இருந்தது.

"கூடாது," என்றார் கிருஷ்ணராசா, இன்னும் அதிக ஆவலோடு.

"என்ன சொல்கிறார்?" என்று கடைக்காரர் கேட்டார். வாசுதேவன் புட்டை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தார்.

"மிகச் சரி," என்றார் கடைக்காரர். "இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஆனால் முனையில் சத்தம் குறைக்கிற குழாயைப் பூட்டப் போகிறீர்கள் என்றால், கட்டைதான் கைக்கு வசதி. வேகத்தில் போவது கொஞ்சம்தான். உங்கள் தூரத்துக்கு எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

அந்தக் குழாய் இங்கேயும் வந்து தொலைத்தது. கிருஷ்ணராசாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரேயொரு வழி. "லைசென்ஸ் இல்லாமல் வாங்கேலாதுதானே," என்று மெல்லக் கேட்டார்.

"முடியாது," என்றார் கடைக்காரர்.

கிருஷ்ணராசாவுக்கு மூச்சு வந்தது. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். மூச்சு நின்றது.

"பொலிசுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். உங்களைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். இந்த நாட்டில் புதிது என்றால், அனுபவமுள்ள ஒருவர் கூடப் போவது நல்லது."

"அதுக்கென்ன, அண்ணை இருக்கிறார்," என்றார் வாசுதேவன். பேனையை எடுத்து, படிவத்தின் ஒரு தாளில் கிருஷ்ணராசாவின் பெயரையும் செவன் கிங்ஸ் முகவரியையும் எழுதினார். எல்லாம் பெரிய எழுத்தில், அச்சுப்போல, பெட்டிக்கு ஒட்டும் லேபல்போல இருந்தது. "முப்பது வருச ஸ்டோக்கிங் எண்டு போடட்டோ, அல்லாட்டில் இருபத்தஞ்சோ?"

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. தெரிந்துகொண்டே பொய் சொல்வது குற்றம் என்று அது சொன்னது. கிருஷ்ணராசா அதை இரண்டு முறை வாசித்தார். பொலிஸ் தன் வீட்டுக்கு வந்து, தோர்ண்டன் ஹீத்தில் இதுவரை எத்தனை மான் விழுந்தது என்று யோகமலரிடம் கேட்பதை நினைத்துப் பார்த்தார்.

"கொஞ்சம் காத்துப் பட்டிட்டு வாறன்," என்றார்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய முழங்கால் வரை நீளமான கம்பளிக் காலுறைகள் இருந்தன. மேலே ஒரு பலகையில், ஸ்டோக்கிங் ஸ்டொக்கிங்ஸ் என்று இங்கிலிஷில் எழுதியிருந்தது; வேட்டைக்காரருக்கான காலுறையாம். காலுறைக்கும் இங்கிலிஷ்காரன் ஸ்டொக்கிங் என்றுதான் பெயர் வைத்திருந்தான். அந்தப் பலகையில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இந்த மொழிக்குத் தன்னோடு என்ன பகை என்று அவருக்கு விளங்கவில்லை.

வெளியே வாங்கில் நாகேஸ்வரி இருந்தார். "கச்சான் சாப்பிடுறியளே அண்ணை?"

கிருஷ்ணராசா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கச்சானைக் கையில் வாங்கினார். உடைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி, நான் ஒரு பாவி."

"என்ன அண்ணை?"

"நான் ஒரு நாளும் துவக்குத் தொட்டதில்லை. எறும்பைக்கூட விலத்திப் போறனான். சனி ஞாயிறிலை மச்சான்ரை கடையிலை சாமான் அடுக்கிறனான். அதுக்கு இங்கிலிஷிலை ஸ்டொக்கிங். நான் சொன்னது ஒற்றைக் கொம்பு. இவர் விளங்கினது இரட்டைக் கொம்பு. அண்டைக்கே திருத்தியிருக்க வேணும். வெக்கத்திலை விட்டிட்டன்."

நாகேஸ்வரி கச்சான் உடைப்பதை நிறுத்தினார்.

"இவருக்குப் பொய் ஒத்துக்கொள்ளாது எண்டு எனக்குத் தெரியும்," என்றார் கிருஷ்ணராசா. "முந்தின சம்பந்தம் எப்பிடிக் குழம்பினது எண்டு சொன்னவர். என்னைப் பற்றி என்னத்தையும் நினைக்கட்டும். ஆனால் என்ரை பிள்ளை மிதுலனிலை உயிரையே வைச்சிருக்கிறாள். என்னாலை இது குழம்பிச்சுதெண்டால் நான் அவளின்ரை முகத்திலை முழிக்கேலாது. நீங்கள்தான் பக்குவமாய் எடுத்துச் சொல்லித் தர வேணும். இல்லாட்டில் நானே இப்ப உள்ளை போய்ச் சொல்லுறன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு நான்கு கிழமைப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. எழுந்து நின்றார். ஸ்வெற்றரை இழுத்துச் சரிசெய்தார்.

நாகேஸ்வரி கண்ணாடிக் கதவின் வழியே உள்ளே பார்த்தார். வாசுதேவன் படிவத்தை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கம்பளிக் காலுறைகளைப் பெரிது, நடுத்தரம், சின்னது என்று பிரித்து, பழையதை முன்னுக்கும் புதியதைப் பின்னுக்குமாக அடுக்கிக்கொண்டிருந்தார். கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாகேஸ்வரி கிருஷ்ணராசாவின் கையைப் பிடித்து மறுபடி வாங்கில் இருத்தினார்.

"இருங்கோ அண்ணை, இதை அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்றார். "உங்களுக்கு ஈடாய்த் தானும் வேட்டைக்காரன் எண்டு காட்டத்தான் துவக்கு வாங்க வெளிக்கிட்டவர். முந்தின சம்பந்தமும், இவர் நோர்வேயிலை துவக்குக் கடையிலை இருபத்திரண்டு வருசம் பெட்டி அடுக்கின ஒற்றைக் கொம்பு எண்டு அவையளுக்குத் தெரியவந்துதான் குழம்பினது."